அப்பாவின் எழுத்துக்குச் சத்தம் உண்டு

என் சத்தக்கார அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் எங்களைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விடவில்லை. ஆரணியில் இந்த வருஷம் மழை அதிகம். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்ட முடியாமல் நெசவுக்காரர்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். உன் பஸ் டிரைவர் காதர் மாமா கண் ஆபரேஷன் செய்துகொண்டு வண்டியை விட்டு இறங்கிவிட்டார். இப்போது பேரனின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு வழி சொல்கிறார்.

உன் நினைவு நாளுக்கு நம் சர்ச் சபைப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? கடிதமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊரே படிக்கப்போகிறது. உனக்கு அதில் வெட்கம் இருக்காது என்று தெரியும். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உன்னிடமே உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஆரணியில் புறப்பட்டு பெரணமல்லூர் வழியாக வந்தவாசி போகிற வண்டி. மோசஸ் என்ற உன் பெயர் சம்பளம் கொடுக்கிறவருக்கும் சர்ச்சுக்கும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நீ 'ஹாரன்'. பஸ் ஸ்டாண்டில் நின்று "பெரணமல்லூர்... பெரணமல்லூரேய்..." என்று நீ ஒரு குரல் கொடுத்தால், எதிர் ஓட்டலில் பாதி தோசையோடு இருக்கிறவர் கை கழுவாமல் ஓடி வருவார். டிரைவர் காதர் மாமா ஹாரன் அடிக்கவே மாட்டார். "நம்மாண்டதான் ஒண்ணு இருக்குதே, எதுக்கு இன்னொண்ணு?" என்பார்.

வீட்டிலும் அதே குரல்தான். தண்ணீர் கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "வூட்ல இன்னா பஸ்ஸா ஓடுது? மெதுவா பேசுய்யா" என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. சர்ச்சில் நீ பாட ஆரம்பித்தால் முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் போதகர் ஐயர் உன் தோளில் கை வைத்து, "மோசஸ், ஆண்டவர் கிட்டதான் இருக்காரு, அவ்ளோ தூரம் கூப்பிட வேணாம்" என்றார். நீ அதற்கும் சத்தமாகத்தான் சிரித்தாய்.

தொண்டை கரகரத்தபோது தூசி என்றாய். பிறகு கத்திக் கத்திப் புண்ணாகிவிட்டது என்றாய். சோறு இறங்காமல் போனபிறகுதான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாய். குரல்வளையில் புற்று, முழுசாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர்.

"எடுத்துட்டா?" என்று கேட்டாய்.

"உயிரோட இருப்பீங்க. பேச முடியாது."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். டாக்டர் போனபிறகும் திரும்பவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தோம். தம்பி பதிவு செய்ய போனைக்கூட எடுத்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரி ஆட்கள் உன்னை ஆபரேஷன் வார்டுக்கு அழைத்துப்போக வந்ததும் தலையணைக்குக் கீழே துழாவிவிட்டு, "ராணி, சார்ஜர எங்க வெச்ச?" என்றாய். "பையிலதான் இருக்குது பாரு" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அம்மா இதைப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். "கடைசியா என்னாண்ட சார்ஜரதான் கேட்டாரு. நானும் பையில பாருன்னுட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது உன் கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், அதன் மேல் வெள்ளைத் துணி. அந்த வழியாகத்தான் இனி மூச்சு. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். நீ ஒரு தரம் வைத்துப் பார்த்தாய். மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டாய். உதட்டை அசைத்துப் பேசிப் பார்த்தாய். அம்மாவுக்குப் புரியாது. நீ "பாலு" என்றால் அவள் "மாலுவா, எந்த மாலு?" என்பாள். உனக்குக் கோபம் வரும், உதடு இன்னும் வேகமாக அசையும், அவளுக்கு இன்னும் புரியாது.

அப்போதுதான் நான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பட்டுப்புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் டிசைன் போடுகிறவள். அதனால் இதற்கும் கம்ப்யூட்டர் வழிதான் தோன்றியது. உன் போனில் தமிழில் அடித்தால் வாய்விட்டுச் சொல்கிற ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். நீ கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாய். அம்மா உள்ளே குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். போன் பேசியது: "ராணி, எனக்குப் பசிக்கிறது. உணவு வேண்டும்."

அம்மா கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.

"யாருய்யா அது வூட்டுக்குள்ள?"

நீ போனைக் காட்டினாய். அவளுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"என் பேர சொல்லி கூப்புட அந்தாளு யாரு? நான் அந்தாளாண்ட எல்லாம் பேசமாட்டேன். இவரு வாயத்தான் எடுத்தாங்க, இப்ப வூட்டுக்குள்ள வேற ஒருத்தன கூட்டிகினு வந்து வெச்சிருக்கீங்களா?"

அவள் உள்ளே போய் அழுதாள். அந்தக் குரலில் தப்பு ஒன்றும் இல்லை. தெளிவான, மரியாதையான குரல். உலகத்தில் யார் எதை அடித்தாலும் அதே மரியாதையோடு சொல்லும். அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலை அம்மா பக்கத்துத் தெருவில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். கையில் தினக் காலண்டரில் கிழித்த ஒரு தாள். பின்பக்கம் முழுக்க, கோணலும் மாணலுமாக, ஒவ்வொரு எழுத்தும் சோழி அளவுக்குப் பெரிசாக, நீ எழுதியிருந்தாய்.

"இன்னா எழுதியிருக்காரு பாரு. கையில குடுத்துட்டு எதிர்லயே குந்திகினு இருக்காரு. எனக்கு படிக்க தெரியாதுன்றது மறந்துபோச்சா அவருக்கு?"

நான் படித்தேன். "அந்தாள தொரத்திட்டேன். நான் மோசஸ் பேசறேன். ராணீ, பசிக்குதுடீ."

அம்மா தாளைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் பிறந்தது பெரணமல்லூர் பக்கத்துக் கூலி வீட்டில். பள்ளிக்கூடம் போகிற வயசில் களை எடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆரணியில் தறிக்கான பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை. படிக்கத் தெரியாதது அவளுக்கு அதுவரை ஒரு குறையாகவே இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் நீ நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவாய்.

அன்றிலிருந்து நீ எழுதினாய். எட்டாவதோடு நிறுத்தியவன். அதன்பிறகு டிரிப் ஷீட்டில் எண்களைத் தவிர எதையும் எழுதாதவன். முதலில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன, உன் பஸ்ஸில் காலை நேரத்துக் கூட்டம் மாதிரி. போகப் போக அவை இடம் பிடித்து உட்கார்ந்தன. பால் பாயிண்ட் பேனா ஒரே மாதிரி எழுதுகிறது என்று மைப் பேனா வாங்கி வரச் சொன்னாய். கோடு போட்ட நோட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாய். "கோட்டுக்குள்ள எப்டி கத்துறது?" என்று எழுதிக் காட்டினாய்.

அப்பா, நான் நாள் முழுக்க கோட்டையும் வளைவையும் பார்த்துச் சம்பாதிக்கிறவள். ஆனாலும் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அம்மாவுக்காக உரக்கப் படிக்கும்போதுதான் தெரிந்தது. நீ கூப்பிடுகிற இடத்தில் 'ராணீ' என்பதன் சுழி மேலே எழும்பி, வளைந்து, தாளின் ஓரம் வரை போயிருக்கும். படிக்கிற என் குரலும் தானாக அவ்வளவு தூரம் இழுத்தது. கோபம் வந்த இடத்தில் நிப்பு தாளைக் கீறியிருக்கும். ரகசியம் என்றால் மூலையில் எறும்பு மாதிரி எழுத்து, நானும் குனிந்து மெதுவாகச் சொல்வேன். சிரிக்கிற இடத்தில் வரியே ஒரு பக்கமாகச் சாயும். நான் படித்து முடித்ததும் அம்மா சொன்னாள்: "அப்டியே அவரு பேசற மாதிரியே பேசற."

நான் எதையும் பார்த்து நடிக்கவில்லை. தாளில் இருந்தது வாயில் வந்தது.

அன்றைக்கு நீயும் கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். முடிந்ததும் கண்ணைத் திறக்காமல் ஒரு தாளை எடுத்து, தடவித் தடவி எழுதி நீட்டினாய். "இன்னொரு தரம் படி." அது யாருக்காகக் கேட்டது என்று எனக்குத் தெரியும். மறுபடியும் படித்தேன்.

வாயால் பேசியபோது நீ யோசித்துப் பேசியதே இல்லை. கையால் பேச ஆரம்பித்ததும் உனக்குள் இருந்து வேறொருவர் எழுந்து வந்தார். ஒருநாள் இப்படி எழுதியிருந்தாய்: "மாடியில குந்திகினு இருந்தேன். நாலஞ்சு வூட்லேந்து தறி சத்தம் வந்துது. ஒவ்வொண்ணும் ஒரு தாளத்துல. இத்தன வருஷமா இங்கதான் இருக்கேன். ஒரு நாளும் இது என் காதுல வுழல. நான்தான் கத்திகினே இருந்தேனே." படித்துவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ கொஞ்சம் வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

காதர் மாமாவுக்கு எழுதினாய். டீக்கடைக்காரருக்கு எழுதினாய், டீயில் தண்ணீர் ஜாஸ்தி என்று. ஐயருக்கு, பாடல் மெதுவாகப் போகிறது, தூக்கம் வருகிறது என்று. உன் கடிதத்தைக் காதர் மாமா பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் நடுவே நின்று படிப்பாராம். "ஹாரன் வந்துட்டான்டா, வாங்க ஜல்தி" என்று கூட்டம் சேர்ப்பாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பொறுமை இல்லை, அதுதான் சிக்கல். யாராவது வந்து "எப்டி இருக்கீங்க மாமா?" என்றால் நீ பேனா மூடியைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள். "நல்லா இருக்காரு, சோறு கொஞ்சம் கொஞ்சமா எறங்குது." மருந்துக்கடையில், சர்ச்சில், தெருவில், எங்கேயும் இதேதான். நீ பாதி எழுதிய தாளை மடித்து ஜேபியில் வைத்துக்கொள்வாய். அது ஒருநாள் நிரம்பிவிட்டது.

காதர் மாமா வந்திருந்த சாயங்காலம் அது. நானும் அப்போதுதான் வேலை விட்டு வந்தேன். அவர் உன்னிடம் ஏதோ கேட்க, வழக்கம்போல அம்மா பதில் சொல்ல, நீ தாளை எடுத்து மளமளவென்று எழுதி அம்மா கையில் திணித்தாய். அவள் அதைக் காதர் மாமாவிடம் கொடுத்தாள்.

"பாய் அண்ணே, இன்னான்னு படிங்க."

அவர் படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது ஒண்ணும் இல்லம்மா. நீ ரொம்ப கஷ்டப்படற, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கன்னு சொல்றான்."

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். பிறகு திருப்பிப் பிடித்தாள்.

"பொய்."

"அய்யோ, நான் ஏம்மா..."

"பொய் படிக்கிறீங்க அண்ணே. இங்க பாருங்க, எப்டி குத்தி குத்தி எழுதியிருக்காரு. இங்க தாளே கிழிஞ்சிருக்குது. ரெஸ்ட் எடுன்னு சொல்றவரு இப்டியா எழுதுவாரு? கத்தியிருக்காரு. சுகந்தி, நீ படி. அவரு கத்தினத கத்தினாப்பலயே படி."

உன்னைப் பார்த்தேன். நீ தலையை ஆட்டினாய். படித்தேன்.

"ஏன்டீ எனக்கு பதிலா நீ பேசற? வாய்தான் போச்சு, நான் போவல. என்னாண்ட கேட்டா நான்தான் சொல்லணும். நான் செத்துட்டேனா?"

காதர் மாமா எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ எழுதறதுக்குள்ள வந்தவங்க போயிடுவாங்களோன்னு பயம்யா எனக்கு. அதான் முந்திக்கினேன். சரி. இனிமே நீ எழுதி முடிக்கிற வரைக்கும் வாய தொறக்கமாட்டேன். ஆண்டவர் சத்தியமா."

அவள் அதைக் காப்பாற்றினாள் அப்பா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண் நிறையப் பதிலை வைத்துக்கொண்டு, உன் பேனா நிற்கும்வரை காத்திருந்தாள். வந்தவர்களும் அவளைப் பார்த்துக் காத்திருக்கப் பழகினார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றார்.

ஆனால் அந்தச் சத்தியத்தின் விலை என்னவென்று அவளுக்கு அப்போது தெரியாது.

அடுத்த பரிசோதனைக்கு வேலூர் போனபோது, நோய் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். இன்னொரு சுற்று மருந்து ஏற்றலாம், கொஞ்ச காலம் தள்ளிப்போகும், ஆனால் உடம்பு ரொம்பப் படும் என்றார் டாக்டர். இளம்பெண், பொறுமையானவள். உன்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "நீங்க என்ன நினைக்கிறீங்க அப்பா?"

அம்மாவின் வாய் திறந்தது. எனக்கு அது தெரிந்தது. அவள் சொல்லப்போவதும் தெரிந்தது. 'ஏத்துங்கம்மா, எத்தினி தரம் வேணும்னாலும் ஏத்துங்க.' அவள் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

நீ எழுத ஆரம்பித்தாய். வெளியே வரிசையில் யாரோ கதவைத் தட்டினார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினாள். அந்த அறையில் உன் நிப்பு ஓடுகிற ஓசை மட்டும்தான். எழுதினாய், நிறுத்தினாய், சுவரில் இருந்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்தாய், மறுபடி எழுதினாய். அம்மா உன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை நீ டாக்டரிடம் கொடுக்கவில்லை. அம்மாவிடம் கொடுத்தாய்.

அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் படித்துச் சொல்ல கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"வேணாம்னுட்டாரு. இல்ல?"

"எப்டிம்மா தெரியும்?"

"கோபமா எழுதல. பயந்துகினும் எழுதல. கை நடுங்கல பாரு. எழுத்துக்கு நடுவுல எடம் வுட்டு, நெதானமா எழுதியிருக்காரு." அவள் தாளை மடியில் வைத்துத் தடவினாள். "இவரு இவ்ளோ நெதானமா என்னாண்ட பேசினதே இல்லடீ."

பிறகுதான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. "வேணாம் டாக்டர். ரொம்ப நன்றி. மிச்ச நாளுக்கு வூட்ல இருக்கேன். ராணி சொல்றத கேக்கணும், இத்தன வருஷம் நான் கேக்கல." டாக்டருக்காக உரக்கப் படித்தேன். உன் இழுப்பும் இல்லை, கத்தலும் இல்லை. சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

அம்மா தாளை என்னிடமிருந்து திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது உன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆரணி வரும்வரை நீ அசையவே இல்லை.

அந்த மிச்ச நாட்களில் நீங்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் ஒன்று செய்தீர்கள். எனக்குத் தெரியாது என்றுதான் கடைசிவரை நினைத்தீர்கள். நான் இரண்டு மூன்று வாரமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன்: அம்மா தாளோடு என் வீட்டுக்கு வருவது நின்றுபோயிருந்தது. நீ எழுதாமல் போய்விட்டாயோ என்று எனக்குக் கவலை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லாமல் வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது.

நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். அம்மா கட்டில் விளிம்பில். மடியில் நோட்டு. நீ ஒரு சொல்லில் விரலை வைத்து உதட்டை அசைத்தாய், மெதுவாக, சண்டைக்காரன் மாதிரி இல்லாமல். அம்மா எழுத்தைப் பார்த்தாள், உன் உதட்டைப் பார்த்தாள், மறுபடி எழுத்தைப் பார்த்தாள்.

"மல்லி?"

நீ தலையாட்டினாய். விரல் நகர்ந்தது.

"மல்லி... வெச்சிகினு..."

இன்னும் ஒரு சொல்.

"மல்லி வெச்சிகினு வந்தியே... அன்னிக்கு..."

அவள் சட்டென்று நிறுத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "ச்சீ, கிழவனுக்கு எழுத வேற ஒண்ணும் கெடைக்கலியா" என்றாள். நீ தோள் குலுங்கச் சிரித்தாய். சத்தம் இல்லாமல். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். சாப்பிடாமலே வேலைக்குப் போனேன்.

தனியாக உதடு மட்டும் அசைந்தபோது அவளுக்குப் புரியாமல் இருந்தது. எழுத்து மட்டும் இருந்தபோதும் புரியாமல் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து நீங்களே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்ததா? இருந்தது. உன் குரலாக இருந்த வேலை என்னிடமிருந்து போய்விட்டதே. ஆனால் அதைவிடச் சந்தோஷமான ஒரு மத்தியானம் எனக்கு நினைவில்லை.

தெருவில் வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் நீ போனாய். கடைசி இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை. அம்மாவின் உள்ளங்கையில் விரலால் எழுதினாய். என்ன எழுதினாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி, சரிய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வந்த காதர் மாமா பேச எழுந்து, நீ எழுதிய ஒரு கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு உட்கார்ந்தார். அதில் அவர் வண்டியை ஓட்டுகிற விதத்தைப் பற்றி நீ திட்டியிருந்தாய். அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்தது.

இப்போது உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போன மாதம் வெம்பாக்கத்தில் பேபி சித்தியின் வீட்டுக்காரர் தவறிவிட்டார். வயலில் மயங்கி விழுந்தவர் எழவே இல்லை. அம்மா போய் ஒரு வாரம் தங்கையோடு இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சித்திக்கு போன் போட்டுக் கொடுத்தேன். "சாப்டியா, தூங்கினியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

"போன்ல கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. நானும் சரின்னு வெச்சுடுவேன். சொல்ல வேண்டியது சொல்லாமலே இருக்குது. எனக்கு ஒரு தாளு குடு."

"சொல்லும்மா, நான் எழுதறேன்."

"உன்ன யாரு எழுத சொன்னது? தாளுதான் கேட்டேன்."

நான் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தேன். அவள் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். உன்னோடு உட்கார்ந்து அவள் கற்றுக்கொண்டது எத்தனை எழுத்து என்று எனக்குத் தெரியாது. எல்லாம் இருக்காது. தெரியாத இடத்தில் மட்டும் கேட்கிறாள். "ணாவுக்கு எத்தினி சுழி? 'அழுவு'க்கு எந்த ழ?" நான் சொல்கிறேன். எதற்காக அந்தச் சொல் என்று கேட்பதில்லை.

முதல் தாளைப் பார்த்து நான் வாய் தவறி, "அப்டியே அப்பா எழுத்தும்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே.

"இது இன்னாத்துக்கு அவரு எழுத்து? அவரு கத்துவாரு. நான் எப்ப கத்தினேன்? நல்லா பாரு."

நன்றாகப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உன் சுழி மேலே பறக்கும். அவளுடையது ஒவ்வொன்றும் உள்பக்கமாக இறுக்கிச் சுற்றி, நூல் பிரியாமல் முடிந்திருந்தது. வரிகள் நெருக்கமாக, ஒரு இழையும் விடாமல். அழுத்தமே இல்லை, ஆனால் எங்கேயும் நடுக்கமும் இல்லை. இத்தனை வருஷம் நீ பேச, நாங்கள் பேச, அவள் குரல் எது என்று நாங்கள் யாரும் காது கொடுத்ததில்லை என்று அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் தோன்றியது. நீ மட்டும் கடைசியில் அதைத் தெரிந்துகொண்டுதான் போனாயா?

நாலு நாளாக எழுதுகிறாள். இப்போதும் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். சித்தி ஐந்தாவது படித்தவள், கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவாள். தபாலில் போடலாம் என்றேன். "வாணாம், நானே கையில குடுக்கணும், அவ படிக்கறப்ப நான் எதிர்ல குந்திகினு இருக்கணும்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செய்யாறு பஸ் பிடித்து அவளை வெம்பாக்கம் அழைத்துப் போகிறேன்.

போகும்போது அந்தக் கடிதம் என் கைப்பையில்தான் இருக்கும், அவள் பையில் ஜிப் இல்லை. படித்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது அப்பா. தங்கை புருஷனை இழந்து நிற்கும்போது, அக்கா தன் வாழ்நாளில் முதல் தடவையாக எழுதிய கடிதம். அதில் நீ வருவாய். உன் கடைசி நாட்கள் வரும். உள்ளங்கையில் நீ எழுதியதுகூட வரலாம்.

ஆனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். சித்தி வீட்டு வாசலில் அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, நான் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு வயல் பக்கம் போய்விடுவேன். அதை நான் படிக்க மாட்டேன்.

உன் மகள்,
ராணியின் மகள்,
சுகந்தி